செவிலியர் கோலம் யாருக்காக?

'செவிலி' என்பது பழந்தமிழ்ச் சொல். சங்க அக இலக்கியத்தில் தலைவியை ஊட்டி வளர்த்தவள் செவிலித்தாய். அவள் மகளே தோழி. ஈன்ற தாய்க்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றப்பட்ட அப்பெயரை, நோயாளரைப் பேணும் பணியாளருக்கு இட்டது இக்காலத் தமிழ் செய்த நற்செயல்களுள் ஒன்று எனலாம். வள்ளுவப் பெருந்தகையும் 'மருந்து' என்னும் அதிகாரத்தில் நோயாளி, மருத்துவன், மருந்து ஆகிய மூன்றோடு அருகிருந்து பணிபுரிபவரையும் சேர்த்து, மருத்துவத்தின் கூறுகள் நான்கு என்றே வகுத்தார்.

இத்துணைப் பெருமை வாய்ந்த பணிக்கு வருவோரிடம் உலகெங்கும் மருத்துவமனைகள் முதல் நாளிலேயே சில கட்டளைகளை இடுகின்றன. கூந்தலை முடித்துக் கொண்டையாக்க வேண்டும். நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும். மோதிரமும் வளையலும் கூடா. பூ வேண்டாம், நறுமணத் தைலம் வேண்டாம். கல்லூரிப் பருவத்துப் பெண்ணுக்கு இவை கடுமையாகத் தோன்றுவதில் வியப்பில்லை. இவையெல்லாம் நோயாளியின் நலத்துக்காகவா, பார்வைக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் என்பதற்காகவா, அல்லது மேலிடத்தார் தம் அதிகாரத்தைக் காட்டுவதற்காகவா? இவ்வினாவுக்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொப்பி வந்த கதை

செவிலியர் என்றதும் நம் கண்முன் நிற்பது வெள்ளுடையும், கஞ்சி போட்டு மடித்த வெள்ளைத் தொப்பியும்தான். பழைய திரைப்படங்கள் அந்த உருவத்தை நம் மனத்தில் ஆழப் பதித்துவிட்டன. அந்தத் தொப்பி மருத்துவத்திலிருந்து வந்ததன்று, மடத்திலிருந்து வந்தது. ஐரோப்பாவில் நோயாளரைப் பேணும் பணியை நெடுங்காலம் கன்னியாஸ்திரீகள் செய்துவந்தனர். அவர்களின் தலைத்துணியே நாளடைவில் சுருங்கித் தொப்பியாயிற்று. 1836-இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த் என்னும் ஊரில் தொடங்கப்பட்ட சமய ஊழியப் பெண்களின் நிலையத்தில் 1851-இல் பயிற்சி பெற்றவர் பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார்.

அக்கால இங்கிலாந்தில் கூலிக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் பெண்களுக்கு நற்பெயர் இல்லை. சார்லஸ் டிக்கன்ஸ் 1843-44 ஆண்டுகளில் வெளியிட்ட 'மார்ட்டின் சஸ்ஸில்விட்' நாவலில் வரும் கேம்ப் என்னும் குடிகாரத் தாதி, அந்த இழிபெயரின் உருவம். ஆகவே, 1854 நவம்பரில் 38 பெண்களுடன் கிரிமியப் போரின் காயம்பட்டோருக்குப் பணிபுரிய ஸ்குட்டாரி வந்திறங்கிய நைட்டிங்கேல், தம் குழுவுக்கு ஒரு சீருடை வகுத்தார். சாம்பல் நிறக் கம்பளி ஆடை, வெள்ளைத் தொப்பி, மருத்துவமனையின் பெயர் தைத்த தோள்பட்டைத் துணி ஆகியவை அதில் அடங்கும். படைவீரர் நிறைந்த ஊரில், 'இவர் பணிக்கு வந்தவர். மரியாதையாக நடந்துகொள்க' என்று அறிவிக்கும் அடையாளமே அது. அழகுக்கு அதில் இடமில்லை.

அங்கும் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. குழுவிலிருந்த ஒரு செவிலி நைட்டிங்கேலிடம் வந்து, எல்லாவற்றுக்கும் கட்டுப்படத் தயாராகவே தாம் வந்ததாகவும், ஆனால் இந்தத் தொப்பி எல்லா முகத்துக்கும் பொருந்தாது என்றும், இது முன்பே தெரிந்திருந்தால் வந்தே இருக்கமாட்டோம் என்றும் முறையிட்டாராம். நைட்டிங்கேல் தம் கடிதமொன்றில் இதைக் குறித்திருக்கிறார். எலியும் பேனும் காய்ச்சலும் நிறைந்த மருத்துவமனைக்கு அஞ்சாமல் வந்த பெண்ணுக்குத் தொப்பி பொறுக்கவில்லை! இதைக் கேட்டுச் சிரிக்கலாம்; ஆயினும் சிந்திக்கவும் வேண்டும். தன் தோற்றம் தன் கையில் இல்லை என்ற உணர்வு எவரையும் வருத்தும்.

உச்சந்தலையில் ஊசி குத்தி நிறுத்திய அத்தொப்பி கூந்தலை மூடவில்லை, கிருமியைத் தடுக்கவுமில்லை. படிப்பையும் பதவியையும் காட்டும் அடையாளமாகவே அது நின்றது. அதனால்தான் அமெரிக்காவில் 1970, 80-களிலும் பிரிட்டனில் 1990-களுக்குள்ளும் அது பெரும்பாலும் மறைந்தது. அது போனதால் எந்த நோயாளிக்கும் கேடு வரவில்லை.

கை கற்பித்த பாடம்

அப்படியானால் தோற்ற விதிகள் எல்லாமே வெறும் சம்பிரதாயமா? அவ்வாறு முடிவு கட்டுவதற்கு முன் வியன்னா நகரத்துக்குச் செல்ல வேண்டும்.

1840-களில் வியன்னா பொது மருத்துவமனையில் பிள்ளைப்பேற்றுக்கு இரண்டு பிரிவுகள் இருந்தன. முதற்பிரிவில் மருத்துவர்களும் மருத்துவ மாணவர்களும் பணியாற்றினர். இரண்டாவதில் மருத்துவச்சிகள் பயிற்சி பெற்றனர். 1841 முதல் 1846 வரை முதற்பிரிவில் நூறு தாய்மாருக்குப் பத்துப் பேர் அளவில் பேறுகாலக் காய்ச்சலால் இறந்தனர். மருத்துவச்சிகளின் பிரிவிலோ நூற்றுக்கு நால்வருக்கும் குறைவு. படித்த மருத்துவர் பார்த்தால் சாவு மிகுதி. மருத்துவச்சி பார்த்தால் குறைவு! இதென்ன விந்தை என்று அங்கிருந்த இக்னாஸ் செம்மல்வைஸ் என்னும் இளம் மருத்துவர் ஆராய்ந்தார். மருத்துவர்கள் பிண அறுவை செய்த கையோடு நேரே பேறுகால அறைக்கு வந்தனர். மருத்துவச்சிகளுக்குப் பிண அறையில் வேலையே இல்லை. காரணம் விளங்கிவிட்டது.

1847-இல் எல்லோரும் குளோரின் கலந்த சுண்ணாம்பு நீரில் கை கழுவியே உள்ளே வரவேண்டும் என்று அவர் விதித்தார். அவ்வாண்டு ஏப்ரலில் முதற்பிரிவில் நூற்றுக்குப் பதினெட்டாக இருந்த சாவு, ஜூனில் இரண்டாக இறங்கியது. கிருமிக் கொள்கை நிலைநாட்டப்படாத காலம் அது. தம் கையே கொன்றது என்பதை ஏற்கப் பெரிய மருத்துவர் பலருக்கு மனம் வரவில்லை. செம்மல்வைஸ் மதிக்கப்படாமலே 1865-இல் மாண்டார்.

இந்த வரலாற்றில் நாம் கருத்திற்கொள்ள வேண்டுவது இரண்டு. ஒன்று, நோயாளியைத் தொடும் கையின் தூய்மை உயிர்ப்பிரச்சினை. மற்றொன்று, கிருமி பதவி பார்ப்பதில்லை. செவிலிக்கு விதித்த தூய்மையை மருத்துவரிடம் கேளாமல் விட்டால் அந்த விதியால் பயனில்லை.

அறுவை அரங்கில் இன்று எல்லோரும் அணியும் ரப்பர் கையுறைக்கும் ஒரு செவிலியே காரணம் என்பது பலரும் அறியாத செய்தி. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் கரோலின் ஹாம்ப்டன் என்னும் செவிலியின் கைகள், கருவிகளைத் தூய்மை செய்யும் பாதரச மருந்தால் புண்ணாயின. அதைக் கண்ட அறுவை மருத்துவர் ஹால்ஸ்டெட், 1889-90 குளிர்காலத்தில், குட்இயர் நிறுவனத்தாரிடம் சொல்லி மெல்லிய ரப்பர் கையுறை செய்வித்தார். 1890-இல் இருவருக்கும் திருமணமும் நடந்தது. செவிலியின் கையைக் காக்கப் பிறந்த கையுறை, பின்னர் நோயாளியையும் காத்தது.

நகமும் நகையும்

கையைக் கழுவினாலும் கழுவப்படாமல் தங்கும் இடங்கள் சில உண்டு. நகத்தின் அடி, மோதிரத்தின் அடி, வளையலும் கைக்கடிகாரமும் படிந்த மணிக்கட்டு ஆகியவையே அவை. உலக நலவாழ்வு நிறுவனம் 2009-இல் வெளியிட்ட கைத்தூய்மை வழிகாட்டி, இயற்கை நகம் அரை சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்றும், ஒட்டு நகம் அறவே கூடாது என்றும் கூறுகிறது. இது மிகையான கண்டிப்பு என எண்ணுவோர் பின்வரும் நிகழ்ச்சியை நோக்குக.

அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் பச்சிளங் குழந்தைகளுக்கான தீவிர சிகிச்சைப் பிரிவொன்றில் 1997 தொடங்கி 15 மாதங்களில் 'சூடோமோனாஸ்' என்னும் கிருமி 46 குழந்தைகளைப் பற்றியது. அவர்களுள் 16 குழந்தைகள் இறந்தன. ஆய்வாளர்கள் தேடியபோது, அதே கிருமி மூன்று செவிலியர் கைகளில் காணப்பட்டது. ஒருவர் நீண்ட இயற்கை நகம் உடையவர். இன்னொருவர் ஒட்டு நகம் அணிந்தவர். நகந்தான் முழுக் காரணம் என்று அவர்கள் அறுதியிட்டுச் சொல்லவில்லை. பங்கு இருக்கலாம் என்றே எழுதினர். ஆயினும் ஒரு கிலோ எடையைத் தாண்டாத சிசுவின் அருகில் நிற்பவருக்கு அந்த 'இருக்கலாம்' என்பதே போதாதா?

மோதிரத்துக்கு அடியிலுள்ள தோலில் கிருமிகள் மிகுந்து வாழ்கின்றன என்பதும் ஆய்ந்தறிந்த உண்மை. இதனாலேயே இங்கிலாந்து அரசு மருத்துவமனைகளில் 'முழங்கைக்குக் கீழே வெறுங்கை' என்னும் விதி 2007-இல் அறிவிக்கப்பட்டு 2008 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. முழுக்கைச் சட்டை, கடிகாரம், வளையல் எதுவும் கூடாது. கல் பதியாத திருமண மோதிரம் ஒன்றே விலக்கு. இவ்விதி மருத்துவர்களையும் கட்டுப்படுத்தியது. அவர்கள் பெருமையோடு அணிந்துவந்த நீண்ட வெள்ளை அங்கியும் அங்கே விடைபெற்றது. 2004-இல் நியூயார்க் மருத்துவமனையொன்றில் மருத்துவர் முதலியோரின் 42 கழுத்துப்பட்டைகளைச் சோதித்தபோது 20-இல் நோய்க்கிருமி இருந்தது என்பதையும் ஈண்டு நினைவுகூரலாம். வளையலைக் கழற்றச் சொல்லும்போது டையையும் கழற்றச் சொல்வதே நீதி அன்றோ?

நம் நாட்டில் தாலிக்கொடி ஒரு வினாவாக எழும். அது கழுத்தில் இருப்பதால் கைத்தூய்மைக்குத் தடையில்லை. குனியும்போது வெளியே தொங்கிப் புண்மேல் படாதவாறு ரவிக்கைக்குள் செருகி ஊக்குக் குத்திக்கொண்டால் போதும். விதியின் காரணம் தெரிந்தால் வழக்கத்துக்கும் வழி பிறக்கும் என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

கூந்தல்

இனிக் கூந்தலுக்கு வருவோம். ஐந்து வகையாக முடிக்கப்படுவதால் மகளிர் கூந்தலுக்கு 'ஐம்பால்' என்றே பெயரிட்டவர் தமிழர். நீண்ட பின்னலும் அதில் மல்லிகைச் சரமும் நம் பெண்களின் பெருமிதம். அதைச் சுருட்டிக் கொண்டையாக்கி வலையிட்டு மறைக்கச் சொன்னால் மனம் கசப்பது இயல்பே.

ஆனால், நோயாளியின் படுக்கையருகே நின்று பார்த்தால் காரணம் புரியும். செவிலியின் வேலை பெரும்பாலும் குனிந்து செய்யும் வேலை. புண்ணைத் துடைக்கக் குனிகையில் பின்னல் முன்னே விழுகிறது. அல்லது நெற்றிமுடி கண்ணை மறைக்கிறது. உடனே கை தன்னையறியாமல் எழுந்து முடியை ஒதுக்குகிறது. கழுவிய கை அந்த ஒரு நொடியில் கழுவாத கை ஆகிவிடுகிறது. இதுவே கூந்தல் விதியின் உயிர்நாடி. முடி தானாகச் செய்யும் கேட்டைவிட, முடியைத் தேடிக் கை போவதால் வரும் கேடு பெரிது.

முடியும் முற்றிலும் குற்றமற்றதன்று. புண்ணைச் சீழ்பிடிக்கச் செய்யும் 'ஸ்டெஃபிலோகாக்கஸ்' கிருமி தலைமுடியில் தங்கக்கூடியது. அறுவைக்குப் பின் பரவிய புண்தொற்றுகள், முடியில் கிருமி தாங்கிய பணியாளரோடு தொடர்புடையவை எனக் கண்ட ஆய்வு ஒன்று 1973-இல் 'லான்செட்' இதழில் வெளிவந்தது. 1990-இல் வேறோர் ஆய்வு, 20 நோயாளிகளுக்கு ஏற்பட்ட புண்தொற்றுக்கு அறுவை அரங்கப் பணியாளர் ஒருவரின் உச்சந்தலையில் வாழ்ந்த கிருமியே மூலம் எனக் காட்டியது. ஆகவேதான் அறுவை அரங்கில் ஆண், பெண், மருத்துவர், உதவியாளர் என்ற வேறுபாடின்றி எல்லோரும் முடி முழுவதையும் மூடும் குல்லாய் அணிகின்றனர். பழைய அலங்காரத் தொப்பி செய்யாத வேலையை இது செய்கிறது.

மூன்றாவது காரணம் செவிலியின் பாதுகாப்பு. காய்ச்சல் வேகத்தில் பிதற்றும் நோயாளி, வலி பொறுக்காத குழந்தை, மனநோயாளி ஆகியோர் கைக்கு எட்டுவதைப் பற்றி இழுப்பர். தொங்கும் பின்னல் அவர்கள் கைக்கு முதலில் எட்டும். சக்கர நாற்காலியிலும் படுக்கையின் இரும்புக் கம்பியிலும் அது சிக்கிக்கொள்வதும் உண்டு.

இவற்றையெல்லாம் கூட்டிப் பார்த்தால் விதி எளிதாகிவிடுகிறது. முடி தூய்மையாக இருக்கட்டும், கழுத்துப்பட்டிக்கு மேலே நிற்கட்டும், முகத்தில் விழாதிருக்கட்டும். கொண்டையா, மடித்துக் கட்டிய பின்னலா, குட்டை முடியா என்பது அவரவர் விருப்பம். பூவின் செய்தியும் இத்தகையதே. இதழ் உதிர்ந்து புண்கட்டும் தட்டில் விழலாம். மணம் மூச்சிரைப்பு நோயாளிக்கும், குமட்டலோடு போராடும் புற்றுநோயாளிக்கும் துன்பம் தரலாம். மாலையில் வீடு திரும்பியதும் முழம் போதாது என்று இரண்டு முழமாகச் சூடிக்கொள்ள யார் தடை?

இங்கே நைட்டிங்கேலின் நுண்ணறிவை மீண்டும் பாராட்டத் தோன்றுகிறது. 1859-ஆம் ஆண்டின் பெயர் தாங்கி வந்த 'செவிலியத்தைப் பற்றிய குறிப்புகள்' என்னும் அவர் நூலில், பட்டாடையின் சரசரப்பும் சாவிக்கொத்தின் ஓசையும் காலணியின் கிறீச்சொலியும் நோயாளிக்குச் செய்யும் தீமை பற்றி எழுதியிருக்கிறார். நாளில் பலமுறை கை கழுவவும் அந்நூல் வற்புறுத்துகிறது. அவர் உடையைக் கண்ணாடி முன் நின்று எடைபோடவில்லை. தலையணையில் சாய்ந்திருக்கும் நோயாளியின் செவியாலும் கண்ணாலும் எடைபோட்டார். நள்ளிரவில் உறக்கம் வராமல் தவிப்பவரின் வார்டில் கொலுசு கூடாது என்பதற்கு வேறு விளக்கமும் வேண்டுமோ?

தாடி

செவிலியர் என்றால் பெண்களே என்பது பழங்கதை. ஆண் செவிலியரும் இன்று நம் மருத்துவமனைகளில் பணியாற்றுகின்றனர். அவர்களுக்குத் தலைமுடியைவிடத் தாடியே வினாவாகிறது. காற்றில் பரவும் நோய்களிலிருந்து காக்கும் என்-95 முகக்கவசம் தோலோடு ஒட்டிப் படிந்தால்தான் பயன் தரும்; தாடி நடுவே புகுந்தால் காற்று வழி தேடிக்கொள்ளும். எனவே இவ்விதி முதலில் காப்பது பணியாளரை.

2020-இல் கொரோனா பரவியபோது, தாடியைச் சமயக் கடமையாகக் கொண்ட சீக்கியப் பணியாளர் பெரும் இக்கட்டில் சிக்கினர். பிரிட்டனில் இதற்கொரு வழி கண்டனர். தாடியைக் கட்ட அவர்கள் மரபாக அணியும் துணிப்பட்டியைப் போல, நெகிழும் ரப்பர் பட்டையால் தாடியை இறுகக் கட்டி அதன்மேல் கவசம் அணிந்து சோதித்தனர். பெரும்பாலோர் பொருத்தச் சோதனையில் தேறினர். முகத்தோடு கவசம் ஒட்ட வேண்டும் என்பதே நோக்கமாதலால், நோக்கம் நிறைவேறியதும் சிக்கலும் தீர்ந்தது.

விதி எல்லை மீறும்போது

காரணத்தை மறந்த விதி கொடுமையாக மாறுவதும் உண்டு. 2020 பிப்ரவரியில் சீனாவின் கான்சு மாநிலத்திலிருந்து வூஹான் நகருக்குப் பணிபுரியச் சென்ற பெண் செவிலியர் சிலரின் தலையை மழிக்கும் காட்சி, தியாகச் செய்தியாக வெளியிடப்பட்டது. அவர்களுள் சிலர் கண்ணீர் வடித்தனர். போற்றுதலை எதிர்பார்த்து வெளியிட்ட காட்சிக்குக் கண்டனமே மிகுந்தது. குழுவிலிருந்த ஆணின் தலையில் முடி இருக்கப் பெண்கள் மட்டும் மொட்டை ஆவானேன் என்று சீன மக்களே கேட்டனர். அவர்கள் விரும்பியே செய்தனர் என்று மருத்துவமனை விளக்கம் தந்தது. குட்டையாக வெட்டிக் குல்லாய்க்குள் அடக்கினால் நிறைவேறக்கூடிய காரியத்துக்கு மழித்தல் எதற்கு என்ற கேள்வி மட்டும் நின்றது.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் சுருள்முடி 'ஒழுங்கற்றது' என்று பல பணியிடங்களில் நெடுங்காலம் ஒதுக்கப்பட்டது. நெருக்கப் பின்னிய முடி முகத்தில் விழுவதில்லை. கழுத்தில் தொங்காமல் கட்டவும் வரும். தூய்மையின் நோக்கில் அதில் குறையேது? 2019-இல் கலிபோர்னியா மாநிலம், இனத்துக்குரிய முடியமைப்பைக் காட்டி வேலையிலும் பள்ளியிலும் பாகுபாடு செய்வதைத் தடுத்து முதன்முதலாகச் சட்டம் இயற்றியது. அதே ஆண்டு டிசம்பரில் இங்கிலாந்தின் ராயல் டெர்பி மருத்துவமனை, அறுவை அரங்கில் இஸ்லாமியப் பெண்கள் அணிய, ஒருமுறை பயன்படுத்தி எறியும் கிருமி நீக்கிய தலைத்துணியை அறிமுகம் செய்தது. விதியும் நின்றது, நம்பிக்கையும் நின்றது.

ஒரே உரைகல்

இதுகாறும் கண்டவற்றால், தோற்ற விதி எதுவாயினும் அதை உரைத்துப் பார்க்க ஒரே உரைகல் போதும் என்பது விளங்கும். 'இவ்விதி யாரைக் காக்கிறது?' என்பதே அது. நோயாளியைக் காக்கிறது என்றால் அதில் தளர்வு கூடாது. அதே சமயம் நோயாளியைத் தொடும் எல்லோருக்கும், தலைமை மருத்துவர் முதல் துப்புரவுப் பணியாளர் வரை, அது பொதுவாக வேண்டும். பணியாளரைக் காக்கிறது என்றால் அவரோடு கலந்து வகுக்க வேண்டும். யாரையும் காக்கவில்லை, பார்வைக்கு நன்றாக இருக்கிறது என்பது மட்டுமே காரணம் என்றால், அதை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிடலாம். தொப்பி அப்படித்தான் போயிற்று. கை கழுவுதல் அப்படிப் போகாது.

இதில் நிருவாகத்தின் கடமையும் உண்டு. கொண்டை வலை கேட்பவர் அதை வாங்கித் தரவேண்டும். கை கழுவச் சொல்பவர் குழாயில் தண்ணீரும் அருகில் சோப்பும் இருக்கச் செய்ய வேண்டும். சோப்பும் நீரும் கொண்டு கழுவ 40 முதல் 60 வினாடி, மருந்துச் சாராயம் பூசித் தேய்க்க 20 முதல் 30 வினாடி ஆகும் என்பது உலக நலவாழ்வு நிறுவனத்தின் கணக்கு. ஒருவரே ஐம்பது நோயாளிகளைப் பார்க்கும் வார்டில், ஆளுக்கு இருமுறை கழுவினாலும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் அதற்கே வேண்டும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் நகத்தின் நீளத்தை மட்டும் அளந்து பார்ப்பது முறையன்று.

மாணவ நண்பர்களே, நம்மில் செவிலியராகப் போவோர் சிலரே. நோயாளியைக் காணப் போவோர் எல்லோரும். பூச்சரமும் சென்ட்டும் கைநிறைய மோதிரமுமாக வார்டுக்குள் நுழைந்து, பிறந்த குழந்தையைக் கழுவாத கையால் வாங்கிக் கொஞ்சுபவர் நாமே. அப்போது ஒரு செவிலி குறுக்கே வந்து, 'கையைக் கழுவிட்டு வாங்க' என்று சொன்னால் முகம் சுளிக்காமல் குழாயடிக்குச் செல்வோமாக. அவர் தம் கூந்தலை முடிந்து வளையலைக் கழற்றி வைத்துவிட்டு வந்து நிற்பதும் அக்குழந்தைக்காகத்தான்.